ஓரிடத்தில் நிற்காத முள்

மார்லிஸ், என் பக்கத்து வீட்டுக்காரி, மாவட்ட நிர்வாகத்தின் பனி தள்ளும் லாரியை ஓட்டுகிறவள். எங்கள் தெருவைத் தள்ளும்போது என் வீட்டு வாசலில் மட்டும் ஒரு மேடு கூடுதலாகக் குவித்துவிட்டு, ஹாரனை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவாள். கேட்டால், "டாக்டர் ஒன்ன ஒடம்பக் கொறைக்கச் சொன்னாருல்ல? அள்ளு" என்பாள். மானிட்டவாக் என்ற இந்தப் பனி ஊருக்குக் குடிவந்து இத்தனை காலமாகிறது, இன்னும் அள்ளிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் கிடையாது. "ஏ, பக்கத்து வீடு!" என்பதுதான் என் பெயர்.

ஆள் வாட்டசாட்டம். லாரி இரைச்சலுக்கு மேல் கத்திக் கத்திப் பழகிய குரல், வீட்டுக்குள்ளும் இறங்காது. புருஷன் அரிசோனா வெயிலைத் தேடிப் போய்விட்டான். "அவன் எனக்கு விட்டுட்டுப் போனது இந்தப் பழைய ஃப்ரீசர் ஒண்ணுதான். அவன விட நல்லாவே வேலை செய்யுது" என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். அந்த ஃப்ரீசர் வீட்டுக்கு அடியில் உள்ள பேஸ்மென்ட் அறையில் இருக்கிறது. அதற்குள்தான் அவள் வீட்டிலேயே காய்ச்சும் பீர், இரண்டு எஃகுப் பீப்பாய்களில். மூடிக்குக் கீழே மரச்சட்டம் அடித்து இரண்டு குழாய் வைத்திருக்கிறாள். பக்கத்தில் சோடாவுக்கு ஏற்றுவார்களே, அந்த கேஸ் நிரம்பிய சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டர். நம் அடுப்பு சிலிண்டர் தலையில் உட்கார்ந்திருக்குமே, அதே ரகம்தான். இதில் இரண்டு முள் கூடுதல். ஒன்று சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று காட்டும். இன்னொன்று பீப்பாய்க்குள் எவ்வளவு அழுத்தம் போகிறது என்று காட்டும். இந்த இரண்டாவது முள் பன்னிரண்டில் நிற்க வேண்டும். ஏறினால் குழாயில் வெறும் நுரை வரும். இறங்கினால் பீர் செத்துக் கிடக்கும்.

ஞாயிற்றுக்கிழமை ஃபுட்பால் ஆட்டம் என்றால் தெருவே அந்த பேஸ்மென்டில்தான். பீரில் வேகவைத்த சாசேஜ், பொரித்த பாலாடைக்கட்டி, எதிர் வீட்டு புட்சின் ஓயாத வாய். மார்லிஸ் எல்லோருக்கும் குழாயிலிருந்து ஊற்றிக் கொடுப்பாள். வராத ஆள் ஒருவன்தான். அவளுடைய தம்பி டுவேன்.

டுவேன் முன்பு முதல் ஆளாக வந்து கடைசி ஆளாகப் போகிறவன். போன ஜனவரிப் புயலில், ஊருக்கு வெளியே சாலையைத் தள்ளிக்கொண்டு போன மார்லிஸ், பள்ளத்தில் ஒரு வண்டியின் பின் விளக்கைப் பார்த்திருக்கிறாள். இறங்கிப் போய்ப் பார்த்தால் தம்பி. குடித்துவிட்டு ஸ்டியரிங் மேல் தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தான். இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் அந்தத் தூக்கத்திலேயே போயிருப்பான். அன்றோடு அவன் குடியை விட்டான். குடியை விட்டவர்கள் லூத்தரன் தேவாலயத்தில் கூடும் கூட்டத்துக்குத் தவறாமல் போகிறான். ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டுக்கு மட்டும் வருவதில்லை. ஆனால் மார்லிஸ் லாரியில் இருக்கும் நாட்களில் அவள் வீட்டின் பக்கவாட்டுக் கதவைத் திறந்து வந்து, அவள் நாய் பிக்கிள்ஸை வெளியே விட்டுக் கூட்டிவருவான். அதற்காக ஒரு சாவி அவனிடம் இருந்தது.

டிசம்பர் தொடக்கத்தில் ரெகுலேட்டர் படுத்த ஆரம்பித்தது.

முதலில் நுரை. கிளாஸை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும் முக்கால்வாசி நுரை. மார்லிஸ் குனிந்து பார்த்தால் முள் முப்பதுக்குப் பக்கத்தில் நிற்கிறது. திருகிக் குறைத்து, காற்றை வெளியே விட்டு, பன்னிரண்டில் நிறுத்திவிட்டுத் தூங்கப் போனாள். காலையில் மறுபடி முப்பது. இன்னொரு நாள் திருகைத் திருகினால் முள் அசையவே இல்லை. பிறகு திடீரென்று ஒரு குதி குதித்தது. அடுத்த நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி பன்னிரண்டில் நல்ல பிள்ளையாக நின்றது. நிரந்தரமாகக் கெட்டுப்போன சாமானைத் தூக்கி எறிந்துவிடலாம். நினைத்தால் வேலை செய்கிற சாமானோடு மாரடிப்பதைப் போல எரிச்சல் வேறெதிலும் இல்லை.

அவள் விடவில்லை. சிலிண்டரோடு சேரும் இடத்தில் வாஷரை மாற்றினாள். இணைப்புகளில் எல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினாள். ஒரு குமிழிகூட வரவில்லை. சிலிண்டரை மாற்றினாள். கடைசியில் பீப்பாய்க்குப் போகும் குழாயையே கழற்றிவிட்டு, வாயை அடைத்து வைத்துப் பார்த்தாள். அப்போதும் முள் எறும்பு ஊர்கிற மாதிரி ஏறியது.

"பீப்பாயிலயும் இல்ல, குழாயிலயும் இல்ல. வியாதி இதுக்குள்ளயேதான்" என்று ரெகுலேட்டரை ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினாள். நான் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் உத்தியோகம் அங்கே எப்போதும் அதுதான்.

"வயசாயிருச்சோ என்னவோ" என்றேன்.

"எனக்குந்தான் வயசாயிருச்சு, நான் என்ன ஏறி எறங்கிக்கிட்டா இருக்கேன்?" என்றவள் சட்டென்று நிறுத்தினாள். டார்ச் வெளிச்சத்தில் ரெகுலேட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பக்கத்து வீடு, இது ஏன் இப்படிப் பளபளன்னு இருக்கு?"

"துடைச்சிருப்ப."

"நானா? இந்த பேஸ்மென்ட்ல நான் என்னிக்குத் துடைச்சிருக்கேன்?"

அது உண்மை. சிலிண்டரில் தூசி, ஃப்ரீசரில் தூசி, சுவரில் ஒட்டடை. ரெகுலேட்டரும் அதற்குப் பின்னால் ஒரு கை அகலச் சுவரும் மட்டும் கழுவிவிட்ட மாதிரி சுத்தம். அவள் நிமிர்ந்து அலமாரியைப் பார்த்தாள். கவிழ்த்து அடுக்கியிருந்த காலிப் பீப்பாய்களில் ஒன்று குறைந்தது. தொட்டிப் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குவளை கழுவிக் கவிழ்த்திருந்தது. போன சிலிண்டரும் கணக்குக்கு முன்னாலேயே தீர்ந்துபோனது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"இந்த வீட்டுக்குச் சாவி ரெண்டு பேருகிட்டதான் இருக்கு" என்றாள். எப்போதும் கத்துகிற குரல் தாழ்ந்து வந்தது. "ஒண்ணு நானு."

என் மனதிலும் டுவேனின் பெயர்தான் ஓடியது. வருத்தம் ஒரு பக்கம், கோபம் ஒரு பக்கம். நாயை வெளியே விட வந்தவன் குழாயைத் திறந்துவிட்டான், குடித்த தடயத்தைத் துடைத்துவிட்டுப் போயிருக்கிறான் என்று நானே கதையை எழுதி முடித்துவிட்டேன்.

"ரோக்ஸிகிட்ட சொல்லணும்" என்றாள். ரோக்ஸி டுவேனின் மனைவி.

"அவசரப்படாத."

"அவ என்ன சொல்லியிருக்கா தெரியுமா? இன்னொரு தடவ குடிச்சான்னா பொட்டியக் கட்டிக்கிட்டு அயோவாவுல தங்கச்சி வீட்டுக்குப் போயிருவாளாம். அவ மெரட்டுற ஆளு இல்ல. சொன்னா செய்வா."

"அப்ப சொல்லாத."

"சொல்லாம இருந்துட்டு? அடுத்த புயல்ல அவன நானே மறுபடி பள்ளத்துல இருந்து தோண்டணுமா? அன்னிக்குக் கதவத் தெறக்கும்போது உள்ள உசுரு இருக்கான்னு தெரியாம தெறந்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

சொன்னால் தம்பியின் குடும்பம் போகும். சொல்லாவிட்டால் தம்பியே போகலாம். டார்ச்சை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவள் ஆள் விடாமல் தானே என் ஜன்னலைத் தட்டினாள். மறுநாள் ஆட்டம், தெருவே வரும். புது ரெகுலேட்டர் வாங்க கிரீன் பே நகரத்துக்குப் போக வேண்டும், ஆனால் புயல் எச்சரிக்கை இருந்ததால் அவள் ஊரைவிட்டு நகர முடியாது. எப்போது வேண்டுமானாலும் லாரிக்குக் கூப்பிடுவார்கள். "நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும் ரோக்ஸிகிட்ட பேசப்போறேன். முடிவு பண்ணிட்டேன்" என்றாள். "அதுவரைக்கும் சும்மா ஒக்காந்திருந்தா பைத்தியம் பிடிச்சிரும். இதப் பிரிச்சுப் பாக்கலாம் வா."

சமையலறை மேஜையில் பழைய துண்டை விரித்து ரெகுலேட்டரை வைத்தாள். அது மூடிப்போன ஒரு மதுக்கடையிலிருந்து அவளுக்கு வந்தது. கனமான பித்தளை. திரவம் திரும்பி ஏறாமல் தடுக்கும் அடைப்பான் எல்லாம் அந்தக் காலத்து உருப்படியில் கிடையாது. முன் மூடியைக் கழற்றினாள். ஸ்பிரிங் வந்தது. அதற்குக் கீழே ரப்பர் தகடு. கத்தி முனையால் நெம்பினாள், வரவில்லை. இன்னும் கொஞ்சம் நெம்பினாள். கருப்பட்டிப் பாகில் ஒட்டிய இலை மாதிரி நூலிழுத்துக்கொண்டு வந்தது.

உள்ளே பழுப்பாகப் பிசின். வால்வு மூடுகிற இடத்தில் எல்லாம் அப்பிக் காய்ந்திருந்தது. வால்வு எங்கே மூடும்? பிசின் ஒட்டிக்கொண்டால் அசையாது, விட்டுக்கொடுத்தால் குதிக்கும், சரியாக மூடாமல் நின்றால் கேஸ் கசிந்து கசிந்து முள் ஏறும். இத்தனை நாள் கூத்துக்கும் காரணம் அங்கே உட்கார்ந்திருந்தது.

"பீர் பின்னாடி ஏறியிருக்கு" என்றேன் பெரிய நிபுணன் போல.

"பீருல ஏது இவ்வளவு சக்கரை? எல்லாத்தயும் ஈஸ்ட் தின்னுருமே" என்று சொல்லிக்கொண்டே மூக்கருகே கொண்டுபோனாள். அப்படியே நின்றாள். பிறகு என் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

எனக்கு அந்த வாசனை எப்போதுமே முதுகு வலிக்குப் போடும் தைலம்தான். இந்த ஊர்க்காரர்களுக்கு அது ரூட் பீர். பெயரில்தான் பீர். பொட்டுச் சாராயம் கிடையாது. பிள்ளைகள் ஐஸ்கிரீம் போட்டுக் குடிக்கும் கருப்பு சோடா. மார்லிஸ் சுண்டு விரலால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

"ரூட் பீர்" என்றாள். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். "என் கேஸ்ல யாரோ ரூட் பீர் போட்டிருக்காங்க."

நாங்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். அடுத்த நிமிடம் அவள் எழுந்து கராஜுக்கு ஓடினாள், நான் பின்னால். குளிர் காலத்தில் கராஜே ஒரு ஃப்ரிட்ஜ். சுவரில் மான் வேட்டைக்குப் போட்டுக்கொள்ளும் ஆரஞ்சுக் கோட்டுகள் தொங்கின. அவற்றை விலக்கினாள். காணாமல் போன பீப்பாய் அங்கே, பழைய போர்வை சுற்றி, கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. மூடியைத் திறந்தால் கிட்டத்தட்ட விளிம்பு வரை கருப்புத் திரவம். ஒரு கரண்டி எடுத்துக் குடித்தாள்.

"அடக் கடவுளே, பல்லு கூசுது" என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

நாங்கள் சமையலறைக்குத் திரும்பியபோது பக்கவாட்டுக் கதவில் சாவி திரும்பியது. டுவேன் பூட்ஸில் பனியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தான். அக்காவைப் பார்த்ததும் திகைத்தான்.

"நீ வேலைக்குப் போகல? நான் பிக்கிள்ஸ வெளிய விடலாம்னு..."

"புயல் தாமதமாம்."

அவன் கண் மேஜைக்குப் போனது. பிரித்துப் போட்ட ரெகுலேட்டரைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. ஆறடி மனிதன், கண்ணாடியை உடைத்துவிட்ட பிள்ளை மாதிரி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டான்.

"ஒடைஞ்சிருச்சா?"

"ஒடையல. அடைச்சிருக்கு. சக்கரப் பாகு."

"நான் எல்லாத்தையும் இருந்த மாதிரியேதான் வெச்சுட்டுப் போனேன் மார்லிஸ். சத்தியமா. என் சோடாவுக்கு முப்பது வேணும்னு ஏத்தினேன். போகும்போது ஒன்னோட பன்னெண்டுலயே கொண்டாந்து நிறுத்திட்டுத்தான் போனேன்."

"எப்படிக் கொண்டாந்த?"

"திருகக் கொறைச்சேன். முள்ளு எறங்கல. காத்த வெளிய விடுற அந்தச் சின்ன வளையத்தப் பிடிச்சு இழுத்தேன்."

"ஒன் பீப்பாய்க் குழாயக் கழட்டிட்டு இழுத்தியா, மாட்டி வெச்சுக்கிட்டே இழுத்தியா?"

அவன் யோசித்தான். "கழட்டணுமா?"

மார்லிஸ் நெற்றியில் அடித்துக்கொண்டாள். "எரும! பீப்பாய விளிம்பு வரைக்கும் ரொப்பி, உள்ள முப்பது அழுத்தத்த வெச்சுட்டு, இந்தப் பக்கம் தெறந்து விட்டா அது எங்க போகும்? நேரா ரெகுலேட்டருக்குள்ளதான் பாயும்."

"பாஞ்சுது" என்று ஒப்புக்கொண்டான். "புஸ்ஸுன்னு பீச்சி அடிச்சுது. என் மூஞ்சி, சுவரு, எல்லா எடமும். துடைச்சுட்டேன்."

"துடைச்சத நான் பாத்தேன்."

அவ்வளவுதான் சங்கதி. அவளுக்குத் தொந்தரவு வைக்கக் கூடாது, முள்ளை அவள் வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போக வேண்டும் என்ற அவனுடைய அக்கறைதான் ரெகுலேட்டரைக் கொன்றது. அக்கா பீர் காய்ச்சுவதைப் பார்த்துப் பார்த்தே எல்லாம் கற்றிருக்கிறான். குழாயைக் கழற்றும் அந்த ஒரு அசைவு மட்டும் கண்ணில் படவில்லை.

"எதுக்குடா ஒளிச்சு வெச்ச? கேட்டிருந்தா நானே போட்டுக் குடுத்திருப்பேனே."

டுவேன் தொப்பியின் விளிம்பை உருட்டினான். "ஞாயித்துக்கெழம எல்லாரும் கீழ கையில கிளாஸோட நிப்பீங்க. நான் தண்ணி பாட்டில வெச்சுக்கிட்டு நின்னா, புட்ச்சுகூட வாய மூடிக்கிட்டு என்னையே பாப்பான். துக்க வீட்டுல பாக்குற மாதிரி. எனக்கும் குழாயில இருந்து ஊத்திக்கணும்னு இருந்துச்சு. அவ்வளவுதான். நல்லா வந்தா நாளைக்கு வரலாம்னு நெனச்சேன். நல்லா வரலேன்னா யாருக்கும் தெரிய வேணாம்."

டுவேன் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் குனிந்துகொண்டேன். அந்தக் குனிவிலேயே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"நான் குடிச்சேன்னு நெனச்சியா?"

வேறு யாராக இருந்தாலும் இல்லை என்று சொல்லிச் சமாளித்திருப்பார்கள். மார்லிஸுக்கு அந்தப் பழக்கம் கிடையாது.

"ஆமா. நாளைக்கு ரோக்ஸிகிட்ட சொல்லப் போறேன்னு இவன்கிட்ட சொல்லியும் வெச்சிருந்தேன்."

அவன் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தான். எழுந்து போய்விடுவான், சாவியை மேஜையில் எறிந்துவிட்டுப் போவான் என்று நான் பயந்தேன்.

"நானா இருந்தாலும் அப்படித்தான் நெனச்சிருப்பேன்" என்றான் கடைசியில். "ஒரு நாள் ஒன் பீர்க் குழாய் மேல கைய வெச்சேன் மார்லிஸ். பொய் சொல்ல மாட்டேன். கொஞ்ச நேரம் அப்படியே நின்னேன். அப்புறம் நாயக் கூட்டிக்கிட்டு வெளிய போய், காது மரத்துப் போற வரைக்கும் பனியில நடந்தேன். அது பாவம், வீட்டுக்குப் போலாம்னு என்ன இழுத்துக்கிட்டே வந்துச்சு."

மார்லிஸ் மேஜையைச் சுற்றிப் போய் அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். அவள் அழுததை நான் அன்றுதான் பார்த்தேன். சத்தமே இல்லாமல் அழுதாள். எனக்கு அவனைப் பற்றி நினைத்ததெல்லாம் நினைவுக்கு வந்து வெட்கமாகிவிட்டது. ரப்பர் தகட்டை எடுத்து வெந்நீரில் தேய்க்க ஆரம்பித்தேன்.

"ஏ பக்கத்து வீடு, மெதுவா! கிழிச்சுத் தொலைக்காத!" என்றாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே. குரல் பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

மூன்று பேரும் உட்கார்ந்து வேலையை முடித்தோம். டுவேன் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் வால்வின் சந்து பொந்தெல்லாம் தேய்த்தான். மார்லிஸ் காயவைத்துப் பூட்டினாள். இரண்டாவது குழாயை அவனுக்கென்று ஒதுக்கி, தனி ரப்பர் எல்லாம் எடுத்து வைத்தாள். "ஒன் தைல நாத்தம் ஒரு தடவ ரப்பர்ல ஏறுச்சுன்னா சாகுற வரைக்கும் போகாது. என் பீர்ப் பக்கம் வந்த, கொன்னுருவேன்" என்றாள். ரூட் பீரில் பாதியை இறைத்துவிட்டுத் தண்ணீர் கலந்து தித்திப்பையும் குறைத்தாள். பீப்பாயில் மேலே கொஞ்சம் இடம் விடவும் டுவேன் கற்றுக்கொண்டான். புயல் அன்று மாலை வந்தது. அவள் லாரிக்குப் போனாள். காலையில் நான் போய்ப் பார்த்தபோது முள் பன்னிரண்டில் நின்றது.

ஞாயிற்றுக்கிழமை பேஸ்மென்டில் கால் வைக்க இடமில்லை. டுவேனும் ரோக்ஸியும் படியிறங்கி வந்தபோது பேச்சு ஒரு கணம் அடங்கியது. எல்லோரும் தொலைக்காட்சியைக் கவனமாகப் பார்ப்பது போல் பார்த்தார்கள். டுவேன் நேராக இரண்டாவது குழாய்க்குப் போய், கண்ணாடிக் குவளையைப் பிடித்துத் திறந்தான். குவளை முழுக்கப் பழுப்பு நுரை. கையில் வழிந்து, சட்டையில் வழிந்து, தரையில் சொட்டியது.

பிறகு புட்ச் வாயைத் திறந்தான்.

"ஊத்தத் தெரியாதவனுக்கு எதுக்குடா தனிக் குழாய்? போய் மாடு கற!"

"ஒன் பொண்டாட்டி ஒனக்கு ஊத்திக் குடுக்குறா, நீ பேசாத" என்றான் டுவேன், சட்டையைத் துடைத்துக்கொண்டே.

பேஸ்மென்ட் அதிர்ந்தது. அதன் பிறகு அவனை ஒருவரும் விடவில்லை. பழுப்புச் சட்டை என்றார்கள், நுரைப் பண்ணை என்றார்கள். அவனும் ஒன்றுக்கு இரண்டாகத் திருப்பிக் கொடுத்தான். இரண்டாவது குவளை ஒழுங்காக நிறைந்தது. அதை வைத்துக்கொண்டு அவன் கூட்டத்துக்கு நடுவில் நின்றான்.

ரோக்ஸி மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவன் பக்கத்தில் வந்து, குவளையை அவன் கையிலிருந்து வாங்கினாள். மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். அதை எத்தனை வருடமாகச் செய்துவந்திருக்கிறாள் என்பது அவள் செய்த விதத்திலேயே தெரிந்தது. டுவேன் அசையாமல் நின்றான். குழாயடியில் மார்லிஸின் கை அப்படியே நின்றுவிட்டது.

ரோக்ஸி ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய் குடித்தாள். பிறகு குவளையைத் திருப்பிக் கொடுக்காமல் தன் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"இது எனக்கு" என்றாள். "நீ வேற ஊத்திக்க."